கலையக்காவின் போன் என்னிடம்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பொம்மைகள் காயவில்லை. அச்சில் வந்த பிசிரைத் துடைக்கும் வேலை பாதிதான்.

களிமண் கையால் தொடக்கூடாதென்று எல்லாப் போனையும் கம்பெனி வாசலில் ஒரே பெட்டியில் போடுகிறோம். எல்லாம் வெள்ளைத் தூசி. வீட்டுக்கு வந்து துடைத்தால், இது என்னுடையது இல்லை. கூட வேலை பார்க்கும் கலையக்காவுடையது. இருவருக்கும் ஒரே நீலக் கவர். நாளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

5, புதன்

தூறல். கலையக்கா வரவில்லை. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, தேடாதீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டதாம். இருபத்து மூன்று வயது.

அம்மா போனில் என் நம்பரை மூன்று முறை எடுத்தேன். அடிக்கவில்லை. என்ன பேசுவது?

6, வியாழன்

காலையில் தெருவில் கலையக்காவின் அப்பா. கூடவே போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர், யூனிபார்ம் இல்லாமல். நண்பர்தான் பேசினார்.

"போனு டவரு இந்தப் பக்கந்தான் காட்டுதுங்க. ராத்திரி பூரா இங்கதான் இருந்திருக்குது."

ராத்திரி பூரா இருந்தது நான். சும்மா கிடக்கிற போன் எப்படிச் சொல்லும்? நேற்று அதோடு நான் போன இடங்கள்: கம்பெனி, ரேஷன் கடை, பாத்ரூம். அதுவுமா?

போலீஸ் இப்படி டவர் பார்க்கலாமா என்று வேலையில் தனம் அக்காவிடம் கேட்டேன். அவர் தம்பி வக்கீல் குமாஸ்தா. புகார் இருக்க வேண்டுமாம், பெரிய அதிகாரி எழுதிக் கேட்க வேண்டுமாம். பழக்கத்துக்காகப் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் யாருக்குத் தெரியும் என்றேன். தனம் அக்கா அடுத்த பொம்மையை எடுத்துத் துடைத்தார்.

7, வெள்ளி

வெயில். வீட்டுக்கே வந்துவிட்டார்கள். போலீஸ்காரர் கலையக்காவின் நம்பரை அடிக்க, உள்ளே மணி. எடுத்து வந்து கொடுத்தேன். மாறிவிட்டது என்றேன்.

போலீஸ்காரர் சிரித்தார். "அப்ப ஒம் போனு அதுகிட்ட. ஒன் நம்பர சொல்லு பாப்பா."

சொன்னால் அக்கா இருக்கும் ஊர் தெரிந்துவிடும்.

"எழுதின பேப்பர் இருக்குதுங்களா?"

"என்னா பேப்பரு?"

"என் நம்பரப் பாக்கறதுக்கு."

கலையக்காவின் அப்பா சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். தூங்கவே இல்லை போல. "அது எம் பொண்ணும்மா," என்றார்.

பாவமாக இருந்தது. ஆனாலும், "இது என் நம்பருங்க," என்றேன்.

அம்மாவைக் கேட்டார்கள். "எனக்கு நம்பரெல்லாம் தெரியாதுங்க. அவ படத்தத்தான் தொடுவேன்."

என் நம்பர் கம்பெனி நோட்டில் இருக்கும் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

உடனே அம்மா போனில் அடித்தேன். நான்காவது மணியில் கலையக்கா. நடந்ததைச் சொன்னேன். போனை அணைத்துவிடச் சொன்னேன். அப்பா சட்டையைப் பற்றியும் சொன்னேன்.

எந்தப் பட்டன் என்று கேட்டது அக்கா. பிறகு, "நாளைக்கு நானே அப்பாவுக்கு வேற போன்லேருந்து பேசறேன். இத அணைச்சிட்டா நீ எப்படி பேசுவ?"

"நான் யாருகிட்டக்கா பேசப் போறேன்?"

அக்கா சிரித்தது. வைத்தபின் மறுபடி அடித்துப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப்.