நட்சத்திரமும் ரோசாப்பூவும் போட்ட தட்டு

ரூஜ்,
ஞாயிறு மத்தியானம்

என் செல்ல மகளுக்கு,

நீ ஃபோன் எடுக்கிறாயில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ விரும்புகிற அந்தப் பையனுடைய தாய் முதன்முதல் நம் வீட்டுக்கு வந்தபோது ஒரு தட்டு நிறைய பாதாம் பலகாரம் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற மண் தட்டு. ஓரமெல்லாம் மொரோக்கோ நட்சத்திரக் கோலம், நடுவில் வெள்ளைக்காரரின் தேநீர்க் கோப்பைகளில் இருக்கிற ரோசாப்பூ. எந்த ஊர்ச் சாமான் என்றே பிடிபடவில்லை. அவனைப் பார்த்தபோதும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதே என்று பயித்தம் பணியாரம் சுட்டு, அதில் நிரப்பி அவனிடமே கொடுத்துவிட்டேன். மறுநாள் நீ ஃபோனில் கத்தினாய். "அம்மா, அந்தப் பிளேட்தான் கிஃப்ட்! திருப்பிக் குடுத்தா அவையை வேண்டாம் எண்டுதானே அர்த்தம்?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தட்டைக் கழுவித் துடைத்தபோது மனதில் என்ன இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை.

இன்று பூசை முடிந்து வந்தால், அவனுடைய தாய் அதே தட்டோடு வாசலில் நிற்கிறார். புதுப் பலகாரம். "வெரி குட், வெரி குட்" என்று என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டார். கோபமா, பகிடியா, இல்லை எங்கள் வழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுத்தார்களா?

இனி இதை வைத்திருக்கவா, நிரப்பி அனுப்பவா? அவனையும் கூட்டிக்கொண்டு வந்து சொல்லு. சம்பந்திக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுக்கொண்டு வா.

உன்
அம்மா