ஒரே கப்பலுக்கு இரண்டு நேர்ச்சை

திகன,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் பஹீமுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் கொரியாக் குளிரிலும் அல்லாஹ் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பான் என்ற நம்பிக்கையோடு எங்கள் சுகத்தையும் சொல்கிறேன். எனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். வாப்பாவுக்குச் சீனி கூடியிருக்கிறது, வாயும் கூடியிருக்கிறது. தங்கச்சி ரிப்கா சோதனைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வொய்ஸ் போடாமல் ஏன் கடதாசியில் எழுதுகிறீர்கள் என்று நீ சிரிப்பாய். வொய்ஸ் போட்டால் உன் வாப்பா பக்கத்தில் வந்து நின்று நடுவில் நடுவில் என்னைத் திருத்துகிறார், மகனோடு பேசுவது நானா அவரா என்று எனக்கே தெரியாமல் போகிறது. உன் கூட்டாளி ஷப்ராஸ் லீவு முடிந்து திரும்பி வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் தொதலையும் சீனிச் சம்பலையும் கொடுத்தனுப்புகிறேன். தொதல் பாதியாக வந்து சேர்ந்தால் அவனைக் கேள், நான் முழுசாகத்தான் கொடுத்தேன்.

நீ அன்றைக்குப் போனில் ஒரு பேச்சுக்குச் சொன்னாய், உங்கள் யார்டுக்கு விமானம் தாங்கிக் கப்பல் கட்டுகிற ஓர்டர் கிடைக்கலாம், கிடைத்தால் உனக்குக் கொன்ட்ராக்ட் நீளும், கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட வேண்டியதுதான் என்று. சொல்லிவிட்டு நீ நிம்மதியாகப் படுக்கப் போய்விட்டாய், இங்கே வீடு இரண்டாகிவிட்டது. உன் வாப்பா மறுநாளே நம் ஹாட்வெயார் கடையில் பெயிண்ட் டின்களுக்கு மேலே அந்தக் கப்பலின் படத்தை ஒட்டிவிட்டார். கதவுப் பிணைச்சல் வாங்க வந்தவன் பிணைச்சலை மறந்துவிட்டு, கப்பல் எத்தனை மாடி என்று தெரிந்துகொண்டு போகிறான். நீ அங்கே வெல்டிங் செய்கிறாய் என்று எத்தனை தரம் சொன்னாலும், மகன் கப்பல் கட்டுகிறான் என்றுதான் அவர் வாயில் வருகிறது. கலியாணம் முடித்த புதிதில் கிண்ணியாத் துறையில் பாதைப் படகில் ஏறி, அக்கரை கண்ணுக்கு முன்னால் தெரியும்போதே வாந்தி எடுத்த மனிதர் இவர். இப்போது கேட்டால், அது மிதக்கிற எயார்போட், சுற்றி வர ஐந்தாறு கப்பல் காவலுக்குப் போகும், விமானம் இறக்க எந்த நாட்டிடமும் போய் இடம் கேட்கத் தேவையில்லை, வெள்ளம் வந்தால் ஹெலிகொப்டர் அனுப்பலாம், தண்ணீர் கொடுக்கலாம், அது போய்க் கடலில் நின்றாலே எதிரி ஸலாம் சொல்லிவிடுவான் என்கிறார். தெல்தோட்டையிலிருந்து லொறியில் வருகிற மோகனராஜ் ஒருநாள், மொதலாளி, அந்தக் காசுல எங்க ரோட்டப் போட்டு மிச்சத்துக்கு ரெண்டு பாலமும் கட்டிறலாமுங்க என்று சொல்லிவிட்டான். அன்று அவனுக்குக் குடிக்கப் பிளேன்டி இல்லை.

எனக்கு அந்தக் கப்பலோடு ஒரு கோபமுமில்லை மகன். அது கட்டப்படாமல் போனால் நீ வருவாய், அவ்வளவுதான். ஆனால் அதை வாயால் சொன்னால் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தடுக்கிற உம்மா என்று பெயர் வரும், ஆகவே நானும் நியாயம் தேடத் தொடங்கினேன். ரிப்கா யூடியூப்பில் போட்டுக் காட்டினாள். முதல் நாள் அந்தக் கப்பலுக்கு எது தலை எது வால் என்று எனக்குத் தெரியாது, இப்போது யாராவது கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவேன். கட்டி முடிக்கவே பத்து வருஷம் ஆகுமாம், முடிகிற நேரத்தில் அது பழைய மொடலாகிவிடுமாம். கடலில் ஒன்று எந்த நேரமும் நிற்க வேண்டுமென்றால் மூன்று கட்ட வேண்டுமாம், ஏனென்றால் ஒன்று திருத்த வேலையில் நிற்கும், ஒன்று கடலுக்குப் போகத் தயாராகும். நம் வேன் கராஜில் நிற்கிற மாதிரித்தான், ஓடுகிற நாளைவிட ஜாக்கியில் ஏறி நிற்கிற நாள்தான் கூட. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறாய், இது யானைக்கு ஒரு கூட்டத்தையே காவலுக்கும் வைத்து அந்தக் கூட்டத்துக்கும் தீனி போடுகிற வேலை. இதையெல்லாம் நான் கண்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டு போனேன். குண்டசாலையில் ஏறிய ஒரு டீச்சர் கேட்டுக்கொண்டே வந்துவிட்டு, நீங்கள் நேவியில் இருந்து பென்ஷன் எடுத்தவரா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, என் மகன் வெளிநாட்டில் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். பள்ளி லெப்பை நம் வீட்டுக்கு ஓத வந்த நேரம் கதவுக்குப் பின்னால் நின்று, அந்த ஓர்டர் கிடைக்காமல் போனால் கந்தூரி கொடுக்கிறேன், ஊரைக் கூப்பிட்டுச் சஹன் தட்டில் சோறு வைக்கிறேன் என்று நேர்ச்சை வைத்து, துஆச் செய்யச் சொன்னேன். லெப்பை கொஞ்சம் இருமினார், பிறகு கை ஏந்தி ஆமீன் சொன்னார். அந்த இருமலை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். போன கிழமை கந்தூரிக்குச் சமைக்கிற பண்டாரி கடைத்தெருவில் என்னை மறித்து, ராத்தா, நானாவும் கந்தூரிக்குச் சென்ன, நீங்களும் சென்ன, ரெண்டும் ஒன்டா, வேற வேறயா, எனக்கு ஆடு பார்க்க ஈக்கி என்று கேட்டான். வீட்டுக்கு வந்து விசாரித்தால், உன் வாப்பா எனக்கு முதலே அதே லெப்பையிடம், ஓர்டர் கிடைத்தால் கந்தூரி என்று நேர்ச்சை வைத்திருக்கிறார்! ஒரு கப்பலுக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் நேர்ச்சை, எது நடந்தாலும் லெப்பைக்குப் புரியாணி. லெப்பையைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். நேர்ச்ச அமானிதம், வெளிய சொல்லப்படா, நான் ரெண்டுக்கும் ஆமீன் சென்ன, கேட்டதக் கபூலாக்குறது அல்லாஹ்ட வேல என்று சொல்லிவிட்டுப் பிளேன்டியைக் குடித்துக்கொண்டு போய்விட்டார்.

லெப்பை போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடையில் நாலு பேர் வாயைப் பார்ப்பதற்காகவா மகனை அந்தப் பனியில் வைத்திருக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அதே சூட்டில் கடைசிக்கு வைத்திருந்த நியாயத்தையும் எடுத்து விட்டேன். அவ்வளவு விமானத்தையும் அவ்வளவு பிள்ளைகளையும் ஒரே கப்பலில் ஏற்றி வைப்பது என்ன புத்தி, ஒரு மலிவான ட்ரோன் வந்து விழுந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும், சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் மற்றது மிஞ்சுமே என்றேன். அப்போதுதான் உன் வாப்பா என் முகத்தைப் பார்த்தார். நீ சொல்றது சரிதான், அதத்தான் நானும் செஞ்சீக்கி என்றார். கடையும் இங்க, ஊடும் இங்க, நானும் நீயும் மகளும் இங்க, அவன் ஒருத்தன்தான் வேற எடத்துல ஈக்கி, அவனயும் கொண்டு வந்து இதே எடத்துல வெக்கச் சொல்றியா என்று கேட்டார். கலவரக்காரர்கள் கடையை எரித்த அந்த மார்ச் மாதத்தைப் பற்றி அவர் இத்தனை வருஷத்தில் வாய் திறந்ததில்லை. வாளியோடு உள்ளே ஓடப் பார்த்த உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தது அவர்தான், அந்தச் சட்டை கிழிந்ததற்கு நீ அவரோடு கோபித்துக்கொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. பெருமைக்காக இல்லை மகன், பயத்தில்தான் அந்த மனிதர் கப்பலுக்கு நேர்ச்சை வைத்திருக்கிறார். எனக்கு அன்று பதில் வரவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து உன் வாப்பாவுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தரம், அவரே பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று ரிப்காவிடம் கேட்டாராம்.

மறுநாள் மீன் பொரிக்கும்போது பதில் வந்தது, அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கே போனேன். விமானம் தாங்கி தனியாகப் போவதில்லை, சுற்றி வர ஐந்தாறு கப்பல் காவலுக்குப் போகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்கள்தானே, நாங்கள் மட்டும் தனியாகவா இருந்தோம் என்று கேட்டேன். கடை எரிந்த அன்றைக்கு என்னையும் ரிப்காவையும் தன் வீட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டி, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் சிங்களத்தில் ஏசி அனுப்பியவள் அடுத்த வீட்டு நிரோஷா இல்லையா என்றேன். நிரோஷா ஒருத்திதானே என்றார். ஒருத்தி போதுமாயிருந்ததே என்றேன். அவர் ஆணிப் பெட்டியைக் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு, நீ சொல்றதும் சரி, நான் சொல்றதும் சரி, இப்ப என்ன செய்ற என்று கேட்டார். இப்படிப்பட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை மோகனராஜும் கேட்டான், சாட்சி இருக்கிறது. அன்று அவனுக்குப் பிளேன்டியும் கிடைத்தது.

நேற்று ஷப்ராஸ் வந்து சொன்னான், அந்தக் கொரியா நாட்டில் கப்பல் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் முடிவெடுக்கவில்லையாம், இன்னும் ஆராய்ந்து பார்க்க ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்களாம். அப்படியென்றால் கந்தூரி எப்போது என்று பண்டாரி கேட்கிறான். கமிட்டிக்கெல்லாம் நேர்ச்சை வைக்க எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன். லெப்பைதான் பாவம், முகம் வாடிப்போய்த் திரிகிறார்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு விளங்குகிறது. நாங்கள் அல்லாஹ்விடம் கேட்டோம், லெப்பையிடம் கேட்டோம், யூடியூப்பில் கேட்டோம், பண்டாரியிடமும் கேட்டோம், உன்னிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. உனக்கு வர விருப்பமா மகன்? கப்பலையும் கொன்ட்ராக்ட்டையும் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டுச் சொல். இங்கே வந்தால் அந்தக் கடையில், அந்தத் தெருவில், உன் வாப்பாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும், அதையும் யோசித்துச் சொல். இல்லை உம்மா, இங்கேயே நல்லாயிருக்கிறேன் என்றால் அதையும் சொல், அழுவேன், ஆனால் உன்மேல் கோபிக்க மாட்டேன்.

சுபஹ் தொழுகையை விடாதே. வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெருப்பைப் பார்க்காதே. தலையை நனைத்துக்கொண்டு பனியில் இறங்காதே. உன் ஆயுளையும் உழைப்பையும் அல்லாஹ் பரக்கத்தாக்கி, ஈமானோடும் நல்ல சுகத்தோடும் உன்னை வைப்பானாக. ரிப்கா ஸலாம் சொல்லச் சொன்னாள், புதுப் போன் ஒன்றையும் சொல்லச் சொன்னாள், நான் சொல்லவில்லை.

ஒன்றை மறந்துவிடாதே. வருகிறேன் என்றாலும் இல்லையென்றாலும் உன் பதிலை என் போனுக்கு அனுப்பாதே, வாப்பாவின் போனுக்கு அனுப்பு. பயந்துகொண்டிருக்கிறவர் முதலில் கேட்கட்டும்.

எந்நேரமும் உனக்காகக் கை ஏந்துகிற
உம்மா,
றம்லத் பளீல்.