கின்மென் தீவில் ஆறு ட்யூப்

அக்டோபர் 12
கின்மென் வந்தாயிற்று. விமான நிலையத்திலிருந்து விடுதிக்குச் சைக்கிளிலேயே வந்தோம். எதிர்காற்று முகத்தில் அறைகிறது. ஐம்பத்தாறு வயதில் எனக்குப் பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷம். தீவைச் சுற்றி வர வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று உண்டு. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் ஆ-ஹோங் என்னோடு ஒருமுறைகூடக் கடலில் இறங்கியதில்லை. அவர் இங்கே பட்டாளத்தில் இருந்தபோது கடற்கரை முழுக்கக் கண்ணிவெடி. அந்தப் பயம். இந்தத் தடவை விடமாட்டேன்.

அக்டோபர் 13
விடிந்ததும் ரகளை. "ட்யூப் ஒண்ணு குறையுது" என்று பையைக் கொட்டித் தேடுகிறார். சக்கரத்தில் நான்கு, உபரி இரண்டு, ஆக ஆறு இருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. அந்தக் காலத்தில் பட்டாளத்தில் ட்யூப் எண்ணுவது அவர் வேலை. அதைப் பிடித்துக்கொண்டு எவனாவது எதிரே தெரியும் எதிரி நாட்டுக் கரைக்கு நீந்திவிட்டால்? ஒன்று குறைந்தாலும் எண்ணியவனுக்குச் சிறை.

என் கேரியரில் இருந்தது. பையைக் கட்டக் கயிறில்லை, நான்தான் எடுத்துச் சுற்றியிருந்தேன்.

"சொல்லிட்டு எடுக்கக் கூடாதா?" ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவையும் எண்ணுவதைப் பார்த்ததும் போய்விட்டது.

விடுதிக்கார ஹ்சு அக்கா கஞ்சி ஊற்றிக்கொண்டே, "பட்டாளத்தண்ணே, யாரையும் கடல்ல இறங்க விடாம நீங்க எண்ணின எண்ணுல, தீவுல பொறந்த எனக்கே நீச்சல் தெரியாமப் போச்சு" என்றாள்.

"உத்தரவு. எண்ணினேன்."

"நாங்களும் உத்தரவுன்னுதான் கரையிலயே நின்னோம்."

அக்டோபர் 14
நாற்பத்திரண்டு கிலோமீட்டர்! தொடை கெஞ்சுகிறது. பதுங்குகுழி மேல் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றோம். ஒரே கொண்டாட்டம். கடற்கரை வந்தால் மட்டும் தார் ரோட்டோடு நின்றுவிடுகிறார்.

"வெடியெல்லாம் எடுத்து ஆறு வருஷமாச்சு."

"காலுக்குத் தெரியலையே, ஷூஃபென்."

அக்டோபர் 15
இன்று கேட்கவில்லை. கேட்டால் பிடிவாதம் கூடும்.

அக்டோபர் 16
கடைசி நாள். கோபமாகத்தான் தனியாக இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று திரும்பினால் — ரோட்டோரம் உட்கார்ந்து உபரி ட்யூபுக்குக் காற்றடிக்கிறார்! அதை மாலை போலக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மணலில் என் கால்தடம் ஒவ்வொன்றின் மேலேயும் கால் வைத்து, தலை நிமிராமல் வந்தார். நான் மூச்சே விடவில்லை. கடைசித் தடத்துக்கப்புறம் தண்ணீர்தான். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீரை அள்ள அவர் குனிந்ததும் ட்யூப் கழுத்திலிருந்து நழுவி அலையோடு போய்விட்டது. நான் பதறினேன்.

"போகட்டும். அஞ்சுன்னு எழுதிக்கோ."

அக்டோபர் 17
வீடு. காலையில் எழுந்து ட்யூபை நான்தான் எண்ணிப் பார்த்தேன். ஐந்து. அவர் இன்னும் தூங்குகிறார்.