காஞ்சனாவின் விரலில் ஊசி முனை

14, திங்கள்
காலையிலேயே வெயில். கம்பெனி பஸ்ஸில் நின்றே பயணம். அம்மாவுக்கு மாத்திரை, பால் - மறக்கக் கூடாது.

தையல் லைனில் காஞ்சனாவின் ஊசி உடைந்து இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. சூப்பர்வைசர் தயாளனே குறடால் பிடுங்கினார். டெட்டால், கட்டு, அவ்வளவுதான் வைத்தியம். இனி இவர் ‘த.’ முழுப் பெயர் எழுத மனமில்லை.

உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் சேர்த்து அட்டையில் ஒட்டினால்தான் அந்த லாட் ஷூ வெளியே போகும்; துண்டு எதுவும் உள்ளே சிக்கியிருக்கக் கூடாது. பிள்ளைகள் போடும் ஸ்கூல் ஷூ, நியாயம்தான். மற்றதெல்லாம் கிடைத்தது. முனை மட்டும் இல்லை. அரிசி நொய் அளவு. காந்தத்தைக் கொடுத்துக் காஞ்சனாவையே தரையில் தேடவிட்டார்கள். மதியச் சாப்பாடுகூடச் சாப்பிடவில்லை அவள்.

15, செவ்வாய்
அந்த லைன் ஷூ மொத்தமும் மறுபடி நான் பார்க்கும் மெட்டல் டிடெக்டருக்கு. பெல்ட்டில் வைத்தால் காந்தப் புலத்துக்குள் போகும். இரும்பு இருந்தால் புலம் கலையும், மணி அடிக்கும், பெல்ட் நிற்கும். லேஸ் கோர்க்கும் பித்தளைக் கண்ணிகளை இந்த வகை கண்டுகொள்ளாது. எல்லா ஜோடியும் சத்தமில்லாமல் போனது.

த.: “உன் மிஷினே சரியில்ல.”
இரும்புக் குண்டு பதித்த சோதனை அட்டையை விட்டேன். டக்கென்று நின்றது.
“அப்ப அவதான் எங்கயோ வீசிட்டா.”

கை டிடெக்டரை எடுத்து, ஆம்பளைகள் எல்லாம் பார்க்க, காஞ்சனாவின் உடம்பில் தடவினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டுப் போட்ட விரலில் கத்தியது.

“மோதிரமா?”
“இல்ல சார். சத்தியமா.”
“எத்தன பேர பாத்திருக்கேன்.”

இங்கே மோதிரம் தடை. கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாதவர்கள் விரலில் துணி சுற்றி மறைத்து வருவது வழக்கம். அதனால் கட்டு என்றாலே மோதிரமாம். பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. மெமோ கொடுத்துவிட்டார். ச்சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பு.

16, புதன்
புழுக்கம். அரிசி தீர்ந்துவிட்டது.

டிடெக்டரைச் சோதிக்கச் சென்னையிலிருந்து டெக்னீஷியன். மிஷினில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். டீ குடித்தபடி கதை. டெலிபோன் கண்டுபிடித்தவரே ஆரம்ப காலத்தில் இப்படி ஒன்று செய்தாராம். சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதியின் உடம்பில் குண்டைத் தேட. கம்பிச் சுருள், மின்சாரம், காதில் ரிசீவர். கட்டிலின் இரும்பு ஸ்பிரிங் வேறு குழப்பிவிட்டதாம். “குண்டு வலது பக்கம்தான்னு டாக்டர் அடிச்சு சொல்லிட்டார்மா. அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டாங்க. இருந்தது இடது பக்கம்.”
“ஆளு?”
“செத்துட்டார்.”

டீயைக் கீழே வைத்தேன். த.வும் அப்படித்தானே. நானே பிடுங்கினேன், விரலில் ஒன்றும் இல்லை என்கிறார். ஓடிப்போய்க் காஞ்சனாவைக் கூட்டி வந்தேன். கட்டைப் பிரித்தேன். நாற்றம். விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. மோதிரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டெக்னீஷியன் கை டிடெக்டரைக் காட்டினார். வெறும் விரலில் கத்தியது.

த. அங்கேயேதான் நின்றார். “நான்தான் முழுசா புடுங்கினேனே” என்றார். பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது. விடவில்லை. பர்மிஷன் கேட்காமல் காஞ்சனாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினேன்.

17, வியாழன்
லீவு. சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும்.

எக்ஸ்ரேயில் முனை பளிச்சென்று தெரிந்தது. காலையில் எடுத்தார்கள். சீழ் உள்ளே தசைநார் வரை போய்விட்டது. “அன்னிக்கே வந்திருக்கணும்” என்றார் டாக்டர். அன்றைக்கு இவளைத் தரையில் தவழவிட்டிருந்தார்கள் என்று சொன்னேன். முனையைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்.

த. போன்: “முனை கெடச்சுதாமே. யார்கிட்டயாவது குடுத்தனுப்பு. அட்டையில ஒட்டணும், கன்டெய்னர் நிக்குது.” வேறு ஒரு வார்த்தை இல்லை. காஞ்சனாவிடம் சொன்னேன்.

“அவரே வரட்டும்க்கா.”

18, வெள்ளி
சாயங்காலம் மழை. த. நனைந்துகொண்டு வார்டுக்கு வந்தார். கையில் அட்டை, பசை டேப். நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை.

“மெமோ கேன்சல் பண்ணிட்டேன். முனைய குடும்மா, லாரி வெயிட்டிங்.”

காஞ்சனா பாட்டிலை வலது கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். “சார், அஞ்சு நாளா முனை எங்க, முனை எங்கன்னே கேட்டீங்க. வெரல் எப்டி இருக்குன்னு ஒரு தடவ கேளுங்க.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் முகம் கொடுக்கவில்லை.

“வெரல்... எப்டிம்மா இருக்கு?”

“இனிமே மடங்காது சார்” என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை நீட்டினாள்.