கோபால் கொண்டுபோன குதிரை

முனீரின் அத்தாவுக்கு,

சைதாப்பேட்டையில் அக்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருவேன். சோறும் மீன் குழம்பும் மூடியிருக்கிறது.

பக்கவாதம் வந்த உங்களுக்கு நடையும் வேண்டும், மூளைக்கு வேலையும் வேண்டும் என்றார் டாக்டர். அதற்குத்தான் இரண்டு வீட்டிலும் சதுரங்கம் விரித்து, நகர்த்திய காயை ஞாபகம் வைத்து உங்கள் சிநேகிதர் வஹீத் பாய் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்கிற ஏற்பாடு. நேற்று நீங்களோ பால்காரர் கோபாலிடம் சொல்லி அனுப்பினீர்கள். அவர் வழியில் குதிரையை மறந்து யானை என்று சொல்லிவிட்டார். அதற்கு என்மேல் ஏன் எரிந்து விழுந்தீர்கள்? இன்று நீங்களே நடங்கள்.

ஹமீதுன்னிசா

கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் கொடுங்கள். குடை கதவுக்குப் பின்னால்.

இன்னொன்று. வஹீத் பாய் வேண்டுமென்றே தோற்கிறார். தினமும் பலகையைத் துடைக்கிறவளுக்குத் தெரியாதா? வந்ததும் என்னோடு ஆடுங்கள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.