போன மாதத்து மஞ்சள் நாடா

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ நலமில்லை என்பது இன்று காலை பத்தரை மணிக்கு உறுதியானது. சொன்னது நீ இல்லை, உன் காட்டுப் பயணக் கம்பெனியின் நகர அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண். மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் வாய் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் காட்டு முகாமில் தூளிப்படுக்கை கட்டியிருந்த மரம் பாதியில் முறிந்து விழுந்தது, அதில் படுத்திருந்த பயணி, நாற்பத்தொரு வயது பள்ளி ஆசிரியை, இடுப்பெலும்பு உடைந்து மருத்துவமனையில் இருக்கிறார், வழிகாட்டியை விசாரணை முடியும்வரை அடிவார விடுதியிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வழிகாட்டி யாரும்மா என்று கேட்டேன். அதெல்லாம் சொல்லக் கூடாது சார், நீங்க பேப்பர்காரரா என்றாள். பேப்பர்காரன்தான், அவனுக்கு அப்பாவும்கூட என்றேன். உடனே போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசினாய். இங்கே ஒரே மழைம்மா, மரத்துக்கு மரம் தூளி கட்டி ராஜா மாதிரி தூங்கறேன் என்றாய். பெத்தவ கட்டின தூளியில ஒரு மணி நேரம் தூங்காதவன், இப்ப காட்டுல போய்த் தூங்கறானாம் என்று அவள் கீழ்வீட்டுத் தையல்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள். அப்போது அந்த ஆசிரியை விழுந்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஊரார் சொன்னதையெல்லாம் சரிபார்த்தே முப்பத்தாறு வருடம் நிருபராகப் பிழைத்தவன் நான். வீட்டுக்குள் வந்ததைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. நேற்று மாலை அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நீ அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினாள். அப்பாகிட்ட சொல்லிடாதேக்கா என்று நீ கெஞ்சியதையும் சேர்த்துத்தான் கேட்டேன். அவளைத் திட்டாதே, அவளும் எத்தனை நாள்தான் உனக்கு மூடி போட்டுக்கொண்டிருப்பாள். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

போன விடுமுறையில் வந்தபோது, ஈரத் தரையிலும் எறும்பிலும் படுக்க முடியாது, அதனால்தான் காட்டில் தொங்கிக்கொண்டே தூங்குகிறோம் என்று எங்களை உட்கார வைத்துச் சொன்னாய். கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்துக் காய்ந்த கிளை இருக்கிறதா என்று தேட வேண்டும், வெட்டுக்கத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும், முதலில் நீ ஏறி முழுக்கனத்தோடு மூன்று முறை குலுங்க வேண்டும், எல்லாம் சரியாக இருந்தால் மரத்தில் ஒரு மஞ்சள் நாடா, நாடா இல்லாத மரத்தில் யாரும் படுக்கக் கூடாது. கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த முறை நீங்கள் போய்ச் சேர்ந்தது போன மாதம் தங்கிய அதே இடம். நாடாவும் அப்படியே இருந்தது. நாடா இருந்துச்சுக்கா, என் கையால நானே கட்டினது, அதான் தட்டாமலே அவங்களுக்குத் தூளி கட்டிட்டேன் என்கிறாய். ஒரு மாதத்தில் கரையான் அந்த மரத்தை உள்ளே தின்று முடித்திருக்கிறது. கரையானுக்கு நாடா ஏதுடா.

தவறு எல்லோருக்கும் நடக்கும், அதற்காக இதை எழுதவில்லை. அக்காவிடம் நீ சொன்ன, மேலாளர் உன்னிடம் நீட்டியிருக்கும் தாளுக்காக எழுதுகிறேன். பயணி வழிகாட்டியைக் கேட்காமல் தானே ஒரு மரத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டார் என்று அதில் இருக்கிறதாம், நீ கையெழுத்துப் போட்டால் வேலை தங்குமாம். மற்றவர்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்ததால் கட்டியதைப் பார்த்தவர் இல்லை. நீ போட்டுவிட்டால் அந்த ஆசிரியை தன்னால்தான் முடமானாள் என்று ஆகிவிடும். உன் அம்மா போடச் சொல்லி எழுதுங்கள் என்கிறாள். எழுதமாட்டேன் என்றேன். உங்க நியாயத்தை எல்லாம் பேப்பர்ல எழுதுங்க, என் பிள்ளை தலையில எழுதாதீங்க என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தவள், இதை எழுதும்வரை எழுந்திருக்கவில்லை.

அவளுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தொழிற்சாலை தீப்பிடித்தது. முதல் நாள் மாலை மருத்துவமனையில் வாங்கிய இறந்தவர் பட்டியலையே மறுநாள் அச்சுக்குக் கொடுத்தேன், இன்னொரு முறை கேட்கவில்லை. நேற்றுச் சரிபார்த்ததுதானே என்ற நினைப்பு. வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு உயிரோடு இருந்த ஒருவரைச் செத்தவராகப் போட்டுவிட்டோம். அதைப் படித்த அவருடைய தாயார் விழுந்தவர்தான், அப்புறம் பேச்சு வரவில்லை. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோது, அச்சுக்கோப்பவர் பழைய தாளை எடுத்துவிட்டார் என்றேன். அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு வருடத்தில் தலைமை நிருபர் ஆனேன். உன்னைப் பள்ளிக்குச் சுற்றுவழியில் கூட்டிப்போவேனே, ஏன்பா இப்படிப் போறோம் என்று கேட்பாய். அந்தத் தெருவில் சாலை வேலை நடக்கிறது என்பேன். அங்கேதான் அந்த அச்சுக்கோப்பவர் வீடு. ஏழு வருடம் அந்தச் சாலை வேலை முடியவே இல்லை. ஆகையால் நல்லவன் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. இதைச் சொல்ல எனக்கு வாயில்லை என்பதும் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்டவன் எப்படி இருப்பான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்.

மதியம் மருத்துவமனைக்கும் பேசினேன். வார்டு நர்ஸ் நல்ல மனுஷி. ஆசிரியைக்கு நினைவு தெளிவாக இருக்கிறதாம். அந்தத் தம்பி மேல தப்பு இருக்காது, தட்டிப் பார்க்காம ஒரு மரத்துலயும் கட்டாது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாளாம். இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மறைப்பதற்கும் மனம் வரவில்லை.

விரலிடுக்கை ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள், போன முறை போலச் சீழ் பிடிக்க விடாதே. பட்டினி கிடக்காதே. இரண்டு வார்த்தையாவது அம்மாவிடம் பேசு, மழையைப் பற்றி வேண்டாம். நீ எதில் கையெழுத்துப் போட்டாலும் எங்கள் ஆசி உனக்கு உண்டு. அதை மட்டும் யாரும் எடுத்துவிட முடியாது.

அந்த ஆசிரியையின் வலது காலில் உணர்வு திரும்புமா என்பது இன்னும் தெரியவில்லை. இரண்டாவது ஸ்கேன் நாளை, முடிவு வெள்ளிக்கிழமை மாலை. மேலாளர் உனக்குக் கொடுத்திருக்கும் கெடு சனிக்கிழமை மாலை ஐந்து மணி. இந்தக் கடிதம் அன்று மதியம் உன் கைக்கு வரும் என்கிறார் கூரியர்காரர். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அப்பா
புதன்கிழமை, மாலை நாலரை மணி