புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

திருக்கோவிலூர்
4.10.1987

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், மனதுக்கும் நன்றாக இருக்கிறோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சந்தியாவும் குளிர் காலத்துக்கு முன்பே கம்பளி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்தது. இந்த வயதில் ஸ்கூட்டர் எதற்கு, மலை எதற்கு, வண்ணம் எதற்கு, வண்டியை விற்றுவிட்டுச் சும்மா வீட்டில் இருங்கள் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக மற்றவர் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியது போதும் என்றுதான் ரிட்டையர் ஆன மறுநாளே விழுப்புரம் போய் வண்ணமும் பிரஷ்ஷும் வாங்கினேன். பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது நான் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், ஒரு முறையாவது காதில் வாங்கினாயா?

நடந்ததை நீ யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கச்சிராயபாளையத்தில் உன் மாமா தெய்வசிகாமணி வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் வெள்ளிமலை ஏறி, அருவிக்கு எதிரில் உட்கார்ந்து வரைவது என்று திட்டம். ஆவணியிலேயே போயிருக்கலாம். உன் அப்பா டயர் சரியில்லை, வானம் சரியில்லை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் சாலை மறியல் என்று பேப்பரில் வந்த வாரமாகப் பார்த்துக் கிளப்பினார். நம்ம பக்கம் ஒன்றும் ஆகாது, தாலுகா ஆபீஸில் இருந்தவன் எனக்குத் தெரியாதா என்றார். தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் வெட்டிச் சாய்த்திருந்தது. மரத்தின் மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்க பெருசு போய்க்கினு கீறீங்க, ஊரே மறியல் பண்ணிக்கினு கீது தெரியாதா என்று ஒருவன் கேட்டான். அவர்கள் கேட்பது நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், என்னிடம் படித்த எத்தனை பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கியும் வேலை இல்லாமல் ஏர் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். படம் வரையப் போகிறோம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். உன் அப்பாவுக்குச் சொல்ல வெட்கம். சாவுக்குப் போகிறவர்களை மட்டும் விடுகிறார்கள் என்று யாரோ சொன்னதை நினைத்துக்கொண்டு, மச்சான் தெய்வசிகாமணி, இந்த டீச்சரோட தம்பி, தவறிவிட்டார் என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு நான் பட்ட பாட்டைக் கேள். ஐயோ பாவம், இன்னும் நாலு மரம் கிடக்குது, ஆள் அனுப்பி வழி பாக்கறோம், அதுவரைக்கும் உக்காருங்க டீச்சரம்மா என்று நிழலில் உட்கார வைத்தார்கள். நான்கு மணி நேரம். சாய்ந்த மரத்தின் கிளை பூராவும் வானத்தைப் பார்த்து நிற்கிறது, அதன் நடுவில் கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிறது. அப்படி ஒரு காட்சி எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. மடியில் வண்ணப்பெட்டி, பையில் தாள், கூஜாவில் தண்ணீர். எடுக்க முடியவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள் படமா வரைவாள்? முக்காடு போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து சாலம்மாள் என்று ஒரு அம்மாள் நாலு பெண்களோடு வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, கூடப் பொறந்தவன் போயிட்டானே, மனசுல வச்சிக்காத, அழுதுடு தாயே என்று ஒப்பாரி வைத்தாள். சும்மா பாவனைக்கு அழலாம் என்று ஆரம்பித்தேன் மணிமொழி, நிற்கவே இல்லை. தெய்வசிகாமணிக்காக அழவில்லை. முப்பத்தைந்து வருடம் பிரஷ்ஷைத் தொடாத எனக்காகத்தான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம், வழி இல்லை டீச்சரம்மா, மன்னிச்சிக்கோங்க என்று அந்தப் பையன்களே கண் கலங்கத் திருப்பி அனுப்பினார்கள்.

கூட்டத்தில் கச்சிராயபாளையத்து ஆள் ஒருவன் இருந்து, வயல் வழியாக ஓடிச் செய்தியைச் சொல்லிவிட்டானாம். பஸ் விட்ட முதல் நாளே உன் மாமா வந்து தெருவில் நின்று, என் வூட்டு வாசலுக்கு மூணு மாலை வந்திச்சு, மலை பாக்கறதுக்கு என்னைக் கொன்னுட்டீங்களே மாமா என்று கத்தினான். காபி கூடக் குடிக்கவில்லை. அன்றிலிருந்து உன் அப்பா தலை நிமிரவில்லை. எல்லாம் இந்த வண்டியால் வந்தது, பாப்பா எழுதினதுதான் சரி என்று உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடை அன்புச்செல்வனிடம் விலை பேசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவானாம். பொய் சொன்னது அவர் வாய், போவது என் மலையா? எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா!

இனி எனக்குப் புத்தி எழுதாதே. முடிந்தால் அங்கே கடையில் நல்ல பிரஷ், பத்தாம் நம்பர், இரண்டு வாங்கி அனுப்பு. சந்தியாவுக்கு இருமல் வந்தால் மருந்துக் கடைக்கு ஓடாமல் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மாமாவுக்கு ஒரு கார்டு போடு, அவன் உயிரோடு இருப்பதில் உனக்குச் சந்தோஷம் என்று எழுது. ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று உன் அப்பா இரண்டு நாளாகப் பரண் வரைக்கும் தேடுகிறார். அது என் வண்ணப்பெட்டிக்குள் இருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்று வரை இந்த வீட்டுக்குள் வந்த பெட்டிகளில் அவர் திறந்து பார்க்காத ஒரே பெட்டி அதுதான்.

உன் அம்மா,
அம்சவள்ளி